ஓல்டு ஏல்: பழசானால்தான் ருசி

பீரைப் புதுசாகக் குடித்துவிட வேண்டும், நாள்பட்டால் வீண். பெரும்பாலான பீருக்கு இது உண்மைதான். ஆனால் இங்கிலாந்தின் ஓல்டு ஏல் (ஏல் என்பது ஒரு பீர் வகை) அந்த ரகமில்லை. அதை ஒரு வருடம், இரண்டு வருடம் மரத்தொட்டியில் போட்டு வைத்துவிட்டு அப்புறம்தான் வெளியே எடுப்பார்கள். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் பழைய பீருக்கு விலை அதிகம் கிடைத்ததால், கையில் காசிருந்த சிலர் புதுசாக வாங்கிப் பதுக்கி வைத்து, பழசானதும் விற்று லாபம் பார்த்திருக்கிறார்கள்.

அவ்வளவு நாள் தாங்க வேண்டுமென்றால் முதலில் பலம் வேண்டும். பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் மால்ட். அதை நொறுக்கி ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்திலேயே இருக்கிற என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். வடித்தெடுக்கும் அந்த இனிப்புத் தண்ணீருக்கு வோர்ட் என்று பெயர். தேங்காய்ப் பால் எடுக்கிற கதைதான்: முதலில் வருவது கெட்டி, அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுப்பது நீர்க்க இருக்கும். கெட்டியான முதல் வடிப்பைத் தனியே வைத்து ஸ்ட்ராங் ஏல் செய்வார்கள், அடுத்தடுத்த வடிப்புகளில் அன்றாடக் குடிக்கான மெல்லிய பீர். தண்ணீரின் அடர்த்தியை 1000 என்று வைத்தால் பிட்டர் என்ற சாதாரண ஏலின் வோர்ட் 1040 பக்கம் நிற்கும், ஓல்டு ஏலுடையது 1060, 1080, சில சமயம் அதற்கும் மேலே போகும். ஆல்கஹால் பொதுவாக 6 முதல் 9 சதவீதம்.

இத்தனை சர்க்கரைக்கு நடுவில் போட்டால், சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிரான ஈஸ்டுக்குக் கொண்டாட்டம் என்று தோன்றும். உண்மையில் அது திண்டாடுகிறது. தொடக்கத்தில் அடர்ந்த சர்க்கரைக் கரைசல் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கப் பார்க்கும், போகப்போக ஈஸ்ட் உண்டாக்கிய ஆல்கஹாலே அதன் செல் சவ்வைக் கெடுக்க ஆரம்பிக்கும். இந்த நெருக்கடியில் ஈஸ்ட் வழக்கத்தைவிட நிறைய எஸ்டர்கள் என்ற வாசனைச் சேர்மங்களை உண்டாக்குகிறது, ஸ்ட்ராங் ஏலில் வரும் பழ வாசனை பெரும்பாலும் அதுதான். கடைசியில் ஈஸ்ட் ஓய்ந்து அடியில் படிந்துவிடும். ஆனால் சாப்பாடு தீரவில்லை. டெக்ஸ்ட்ரின் எனப்படும் நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் அப்படியே கிடக்கின்றன, அவற்றை உடைக்க ஏல் ஈஸ்டுக்குத் தெரியாது.

சுவாரஸ்யமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். குளிரில் புளிக்கவைக்கும் லாகர் பீரின் உலகமே அதன் பக்கம் சாய்ந்தது. இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் நாள்பட்ட ஏலில் இதை முயன்றபோது பீர் என்னவோ சுத்தமாகத்தான் வந்தது, அந்தப் பழைய ருசியைத்தான் காணோம். காரணத்தைக் கண்டுபிடித்தவர் அதே கார்ல்ஸ்பெர்க்கில் வேலை செய்த நீல்ஸ் யெல்டே கிளவுசன். ஏல் ஈஸ்ட் ஓய்ந்த பிறகு, தொட்டியில் மெதுவாக வேலை செய்யும் இன்னொரு ஈஸ்ட் இருக்கிறது என்று 1904இல் விளக்கி, அதற்கு பிரெட்டனோமைசஸ் என்று பெயரும் வைத்தார். ருசியைத் தொலைத்ததும் பிறகு அதன் ரகசியத்தைச் சொன்னதும் ஒரே கார்ல்ஸ்பெர்க்தான், யாரையும் குறை சொல்ல முடியாது.

பிரெட்டனோமைசஸ் ஓக் மரத்தின் நுண்துளைகளில் குடியிருக்கும், மேலோட்டமாகக் கழுவினால் போகாது. டெக்ஸ்ட்ரினை உடைக்கும் என்சைம் அதனிடம் உண்டு, அவசரம் கிடையாது, மாதக்கணக்கில் மென்றுகொண்டே இருக்கும். அதனால் இனிப்பு குறைந்து பீர் வறண்டு வரும், கூடவே புதிய எஸ்டர்களும், தோல், குதிரை லாயம் என்று வர்ணிக்கப்படும் ஒரு வாடையும் சேரும். அந்த வாடைக்கு முக்கியக் காரணம் 4-எத்தில்பீனால். கேட்க அருவருப்பாக இருக்கும், அளவோடு இருந்தால் அற்புதம், கூடிப்போனால் கீழே கொட்ட வேண்டியதுதான்.

இதற்கிடையில் ஆக்சிஜனும் மரத்தின் வழியே துளித்துளியாக நுழைகிறது. வெளிர் நிற பீரில் பழசானதன் அடையாளம் அட்டைப்பெட்டி வாடை. ஓல்டு ஏலிலோ அதை அடர்ந்த மால்ட் சுவை அமுக்கிவிட, உலர் திராட்சை, பேரீச்சை, ஷெர்ரி ஒயின் சாயல்கள் முன்னால் நிற்கும். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பும் காலப்போக்கில் சிதைந்து தணியும். காற்று மிதமிஞ்சிப் போனால் பிரெட்டனோமைசஸே அசெட்டிக் அமிலத்தை உண்டாக்கிக் காடியாக்கிவிடும் என்பதால் தொட்டியை நன்றாக மூடியாக வேண்டும். இங்கிலாந்தின் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் கிரீன் கிங் ஆலை 12 சதவீதம் வரும் தன் ஓல்டு 5எக்ஸ் ஏலை ஓக் தொட்டிகளில் இரண்டு வருடமாவது வைத்து, மூடியின் மேல் உள்ளூர்ச் சுண்ணாம்புக் களிமண்ணைப் பரப்பி வந்தது. பிறகு இளம் பீரோடு கலந்து சுமார் 6 சதவீதத்தில் ஸ்ட்ராங் சஃபோக் என்று விற்றது.

இந்த வகை அருகிப்போனதற்குக் கணக்குதான் காரணம். 1880 முதல் பிரிட்டனில் வோர்ட்டின் அடர்த்தியை வைத்து வரி போட்டார்கள், முதல் உலகப்போர்க் கட்டுப்பாடுகள் பீரை இன்னும் மெலிய வைத்தன, அதோடு முதலீடு இரண்டு வருடம் தொட்டியில் தூங்குவதை எந்த முதலாளி விரும்புவார்? இன்றைக்கு பிரெட்டனோமைசஸை ஈஸ்ட் ஆய்வகங்களே விற்கின்றன. வாங்குகிற ஆலைகள் அதற்கென்று தனிக் குழாய், தனி பம்ப் வைத்துக்கொள்கின்றன, மற்ற பீருக்குள் நுழைந்துவிட்டால் விரட்டுவது அவ்வளவு கஷ்டம்.