‘செம்பவளம்’ பார்வர்டை அனுப்பும் முன்: கயா நாட்டின் உண்மைத் தொடக்கம்

கொரியாவின் தெற்கில் இருந்த பழைய கயா நாட்டின் அரசி, ‘செம்பவளம்’ என்ற தமிழ்ப்பெண் என்று ஒரு செய்தி பார்வர்டாகச் சுற்றுகிறது. அதைச் சரிபார்க்க முனைபவர்கள் தமிழுக்கும் கொரிய மொழிக்கும் உள்ள ‘அம்மா, அப்பா’ சொல் ஒற்றுமையில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். குழந்தை முதலில் எழுப்பும் ஒலிகள் பல மொழிகளில் ஒத்துவரும். அது உறவுக்குச் சான்றாகாது. முதலில் மூலநூலுக்குப் போங்கள்.

அந்த அரசியின் கொரியப் பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். அவள் கதை ‘சாம்குக் யூசா’ என்ற கொரியப் பழங்கதைத் தொகுப்பில் இருக்கிறது. இர்யோன் என்ற பௌத்தத் துறவி 13ஆம் நூற்றாண்டில் தொகுத்தது. அதற்குள் எடுத்தாளப்பட்ட கரக் (கயாவின் இன்னொரு பெயர்) நாட்டுக் குறிப்பு 11ஆம் நூற்றாண்டினது. கி.பி. 42இல் குஜிபோங் குன்றில் வானிலிருந்து பொற்பெட்டி இறங்குகிறது. உள்ளே ஆறு பொன்முட்டைகள். அவற்றில் ஒன்றிலிருந்து வந்தவர் கயாவின் முதல் அரசர் சுரோ. 48இல் ‘அயுதா’ நாட்டு இளவரசி ஹ்வாங்-ஓக் 16 வயதில் கப்பலில் வந்து சுரோவை மணக்கிறாள். 157 வயதுவரை வாழ்கிறாள். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் நடுவே சுமார் ஆயிரம் ஆண்டு. அந்த ‘அயுதா’, யுவான் சுவாங் அயோத்திக்கு எழுதிய அதே சீன எழுத்துகள்தான். பௌத்த நூல்களின் வழியே வந்த பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஹ்வாங்-ஓக் என்றால் மஞ்சள் பச்சைக்கல் (ஆம், ஜேட் மஞ்சளிலும் உண்டு). செம்பவளம் எங்கிருந்து வந்தது என்று அனுப்பியவரைக் கேளுங்கள்.

மண் சொல்வது வேறு கதை. தென்கொரியாவின் சாங்வோன் நகர் அருகே தாஹோ-ரியில் கி.மு. முதல் நூற்றாண்டுக் கல்லறை: குடைந்த மரத்தண்டுச் சவப்பெட்டி, இரும்புக் கோடரிகள், சீனக் காசு, எழுதுதூரிகைகள். அதாவது சுரோவுக்கு முன்பே இரும்பும் வணிகமும் உண்டு. 3ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு, இப்பகுதி இரும்பை ஜப்பானிய வா மக்களும் வாங்கினர், சந்தையில் காசுபோல் புழங்கினர் என்கிறது. நாக்டோங் ஆற்றுமுகத்தில் சுரோவின் ஊரான கிம்ஹே வளர்ந்தது இதனால்தான். அங்கே டேசாங்-டோங் கல்லறைகளில் இரும்புக் கவசமும் வடபுல நாடோடிகளின் பாணி வெண்கலக் கொப்பரையும் கிடைத்தன.

இன்னொரு தவறு, கயாவைப் பேரரசு என்பது. சிற்றரசுகளின் கூட்டு அது. 532இல் கிம்ஹேயும் 562இல் பெருங்கயா என்ற சிற்றரசும் அண்டைக் கொரிய நாடான சில்லாவிடம் வீழ்ந்தன.

வீழ்ந்த பின்னும் கதை ஏன் அழியவில்லை? கிம்ஹேயின் கடைசி அரசரின் கொள்ளுப்பேரன் கிம் யூ-சின், சில்லாவின் தளபதி. அவர் தங்கை மகன் முன்மு, சில்லா அரசரானபின் சுரோவுக்கு வழிபாடு தொடர ஆணையிட்டார். கிம்ஹே கிம் குடியினரும் ஹோ குடியினரும் இந்த அரசியின் வழிவந்தவர்களாகத் தங்களைக் கருதுவதால் தங்களுக்குள் மணம் கொள்ளாத வழக்கமும் அந்தக் கதையை ஒட்டியே வந்தது.