ஒரே தொண்டை, பத்து பேர் குரல்: சாமி டேவிஸ் ஜூனியர் இதை எப்படி பண்ணாரு?

1950கள்ல அமெரிக்க நைட்கிளப்புகள்ல பாடகரும் டான்ஸருமான சாமி டேவிஸ் ஜூனியர் ஒரு ஐட்டம் பண்ணுவாரு. ஒரே காதல் பாட்டை கொஞ்சம் நாட் கிங் கோல், கொஞ்சம் லூயி ஆம்ஸ்ட்ராங்னு ஜாஸ் பாடகருங்க மாதிரி பாடுவாரு, அப்புறம் ஜேம்ஸ் காக்னி மாதிரி சினிமா ஆளுங்க பாடினா எப்படி இருக்கும்னும் காட்டுவாரு. கறுப்பர் ஒருத்தர் வெள்ளைக்கார ஸ்டாருங்களை மிமிக்ரி பண்றதே அந்தக் காலத்துல துணிச்சலான வேலை. ஆளோ குட்டி உருவம், ஒல்லி. அந்த ஒரு தொண்டைக்குள்ள இருந்து இத்தனை பேர் எப்படி வந்தாங்க?

நாதஸ்வரத்துல இருந்து சீவாளியைக் கழட்டி அதை மட்டும் ஊதிப் பாத்திருக்கீங்களா? பீ...ன்னு ஒரு எரிச்சலான சத்தம் வரும், அவ்ளோதான். நம்ம குரல் நாண்களும் தனியா அப்படித்தான், ஆம்பளைங்க சாதாரணமா பேசும்போது செகண்டுக்கு 100, 120 தடவை அடிச்சுக்கிட்டு வெறும் கரகரன்னு ஒரு ஒலியைத்தான் கொடுக்குது. அதை ‘குரல்’ ஆக்குறது அதுக்கு மேல உதடு வரைக்கும் போற குழாய், தொண்டை, வாய், மூக்கு எல்லாம் சேர்ந்தது. (நாதஸ்வரத்துல குழல் சுருதியையே தீர்மானிச்சிடும், இங்க சுருதி நாண்கள் கையில, குழாய் மாத்துறது குரலோட நிறத்தை மட்டும்தான்.) வளர்ந்த ஆம்பளைக்கு இந்தக் குழாய் சுமார் 17 செ.மீ. அந்த நீளத்துக்கு 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்குற ஒலிகளை மட்டும் அது தூக்கிக் காட்டும். ஃபார்மன்ட்னு சொல்றது இதைத்தான், யார் பேசுறாங்கன்னு கண்டுபிடிக்க காதுக்கு இது ஒரு முக்கியமான துப்பு.

மிமிக்ரிக்காரர் விளையாடுறது இந்தக் குழாயிலதான். கொட்டாவி விடுற மாதிரி குரல்வளையைக் கீழ இறக்கி உதட்டை முன்னாடி குவிச்சா குழாய் நீளுது, ஃபார்மன்ட் எல்லாம் கீழ இறங்குது, கேக்குறவனுக்கு உள்ள ஒரு பெரிய உடம்பு இருக்குற மாதிரி தோணும். இப்பவே பண்ணிப் பாருங்க, பக்கத்துல ஆள் இல்லைன்னா. ஆம்ஸ்ட்ராங்கோட அந்த உறுமல் வேற கதை, நிஜ நாண்களுக்கு மேல பொய் நாண்கள்னு ரெண்டு மடிப்பு இருக்கு, சாதாரணமா சும்மா கிடக்கும், அதையும் சேர்த்து அதிர வச்சாத்தான் அந்த ஜல்லிக்கல் சத்தம் வரும். நாட் கிங் கோல் இதுக்கு நேர் எதிர், நாண்களை அழுத்தாம லேசாக் காத்து கசிய விட்டு காதுகிட்ட ரகசியம் சொல்ற மாதிரி. மைக் வந்திருக்கலைன்னா அந்த ஸ்டைலே பொறந்திருக்காது, ஒரு பேண்ட் நிறைய டிரம்பெட்டுக்கு நடுவுல அது யாருக்குக் கேட்டிருக்கும்? பல மைக்குகள்ல ரொம்ப நெருங்கிப் பாடினா பேஸ் தானாவே கூடும், அதுவும் மிமிக்ரிக்கு ஒரு கருவிதான்.

ஆனா கஷ்டம் குழாயில இல்ல, நேரத்துல. 1997-ல ஸ்வீடன்ல ஒரு மிமிக்ரி கலைஞரை அளந்து பாத்தாங்க. மொத்த வேகம், சராசரி சுருதி ரெண்டையும் அசலுக்குக் கிட்ட கொண்டு வந்துட்டாரு, ஆனா ஒவ்வொரு ஒலிக்கும் எவ்ளோ நேரம் கொடுக்குறோம்ங்கற கணக்கு மட்டும் அவரோடதாவே நின்னுடுச்சு.

ஸ்விங்னு சொல்ற ஜாஸ் தாளத்துல அந்தக் கணக்குதான் உயிரே. ஒரு பீட்டை ரெண்டாப் பிரிக்கும்போது சமமாப் பிரிக்க மாட்டாங்க, நடுத்தர வேகத்துல முதல் பாதி கிட்டத்தட்ட ரெண்டு பங்கு, அடுத்தது ஒரு பங்கு, வேகம் ஏற ஏற வித்தியாசம் குறைஞ்சு சமமாயிடும். அது போதாதுன்னு, 2022-ல ஜெர்மனி இயற்பியலாளர்கள் நூத்துக்கணக்கான ஜாஸ் ரெக்கார்டிங்கை அலசினப்போ சோலோ வாசிக்கிறவங்க பீட் விழுற இடத்துல ஒரு துளி லேட்டா வந்து, நடு இடத்துல டிரம்மரோட சரியாச் சேர்றது தெரிஞ்சது. அந்தத் துளி சுமார் 30 மில்லி செகண்ட். வித்தியாசம் இருக்குன்னு இசைக்காரங்களுக்கே கேக்குது, எதுன்னுதான் சொல்ல வரலை.

பாடகர் ஃபிராங்க் சினாட்ராவை மிமிக்ரி பண்ணணும்னா இந்தத் தாமதத்தையும் பிடிக்கணும். பேண்ட் தலைவர் டாமி டார்ஸி டிராம்போன் ஊதுறதப் பாத்து மூச்சை இழுத்துப் பிடிக்கக் கத்துக்கிட்டவரு, வரி முடியுற இடத்துல நிக்காம அடுத்த வரிக்குள்ள வழுக்கிட்டுப் போவாரு. சாமி அதை எப்படிப் பிடிச்சாருன்னா, என் கணிப்பு, காலால. சின்னப் பையனா இருந்தப்போவே மேடையேறி, ஷூவால தரையில தாளம் தட்டுற டேப் டான்ஸ் ஆடினவரு, அடி எங்க விழணும்ங்கறது தொண்டைக்கு முன்னாடி குதிகாலுக்குத் தெரியும்.

வயசானா நாண்கள் மெலியும், குருத்தெலும்பு இறுகும், அதிர்வுல ஒரு தள்ளாட்டம் வரும். ஆனா ஸ்விங் பாட்டுங்க பலதும் பெரிய ரேஞ்ச் கேக்காது, சுருதியக் கொஞ்சம் இறக்கிக்கிட்டா ஓட்டலாம், டைமிங் மட்டும் போகக் கூடாது. சாமிக்கு வினையா வந்தது வயசில்ல, சிகரெட். 1989-ல தொண்டைப் புற்றுநோய்னு தெரிஞ்சப்போ பிழைக்கணும்னா குரல்வளையை எடுக்குறதுதான் நல்ல வழின்னு டாக்டருங்க சொன்னாங்க. எடுத்தாலும் குழாய் அப்படியே இருக்கும், கழுத்துல ஒரு அதிர்வு மெஷினை வச்சு வாயசைச்சா வார்த்தை புரியும், இன்னிக்கும் பலர் அப்படித்தான் பேசுறாங்க. அவர் முதல்ல வேணாம்னுட்டாரு, ரேடியேஷன் போதும்னாரு. 1990 மே 16-ல இறந்துட்டாரு, அவருக்கு 64 வயசு.