வலிப்பு நோயாளிக்கு உதவிப்பணம் மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்வது எப்படி?

வலிப்பு உள்ள ஒருவர் பிரதேச செயலகத்துக்குப் போனால், அங்கே இருப்பவர் கண்ணுக்குத் தெரிவது கைகால் சுகமாக உள்ள ஓர் ஆள்தான். நடந்து வருகிறார், கதைக்கிறார், ஒப்பம் வைக்கிறார். "இவருக்கு என்ன குறை?" என்று நினைத்துவிடுவது சுலபம். ஆகவே அந்த மேசையில் இருப்பவர் காணாததை எழுத்தில் காட்டுவதுதான் மேன்முறையீட்டில் உங்கள் முதல் வேலை.

இலங்கையில் குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. வேலைக்குப் போக முடியாத ஒருவர் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய காசு. ஒருமுறை இல்லை என்றதும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் எதனால் மறுத்தார்கள் என்று அறியுங்கள். குடும்ப வருமானம் கூட என்று மறுப்பது வேறு, வலுவிழப்பு போதாது என்று மறுப்பது வேறு. வருமானப் பிரச்சினைக்கு வைத்தியர் கடிதம் கொண்டுபோய்ப் பயனில்லை. வாய்ப்பதிலோடு திரும்பி வராமல், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, ஒரு முடிவால் பாதிக்கப்படும் பிரஜை கேட்டால் அந்த அலுவலர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.

வலுவிழப்புத்தான் காரணம் என்றால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டலாம். உடல் அல்லது உள ஆற்றலில் உள்ள குறைபாட்டால், வாழ்க்கைக்குத் தேவையானவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ தானே செய்துகொள்ள இயலாதவர் மாற்றுத்திறனாளி என்கிறது அது. "பகுதியாகவோ" என்பதை உங்கள் கடிதத்தில் கட்டாயம் எடுத்து எழுதுங்கள். வலிப்பு நோயாளியின் நிலை அதுதானே.

சரி, எதை எழுதுவது? "அடிக்கடி வலிப்பு வரும்" என்று மட்டும் எழுதினால் போதாது. கட்டு இல்லாத கிணற்றில் தனியே தண்ணீர் அள்ள முடியாது, விறகடுப்புக்கு முன் தனியே இருக்க முடியாது, சைக்கிள் ஓட முடியாது, கடலுக்குப் போக முடியாது, குளிக்கும்போதும் ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று உங்கள் வீட்டு நிலைமையை அப்படியே எழுதுங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு வலிப்பையும் குறித்து வாருங்கள். உதாரணமாக: "காலை 6.40. முற்றம் கூட்டும்போது விழுந்தார். இரண்டு நிமிடம் வெட்டியது. நாக்குக் கடிபட்டது. எழும்பிய பிறகும் ஆளைத் தெரியவில்லை. மத்தியானம் வரை படுக்கை." வலிப்பு நிற்க இரண்டு நிமிடம் போதும், அதற்குப் பிறகு போகும் அரை நாளும் கணக்கில் வர வேண்டும். மாத்திரையால் வரும் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கொப்பியை வைத்தியரிடமும் காட்டுங்கள். நெரிசலான கிளினிக்கில் "எப்படி?" என்று கேட்டால் நம்மவர்கள் "பரவாயில்லை" என்றுவிடுவார்கள். அது அப்படியே பதிவாகி, பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும். வலிப்பின் வகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, மருந்து எடுத்தும் வருகிறதா, எந்த வேலைகள் ஆபத்து என்ற விபரங்களோடு கடிதம் கேளுங்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. சோதனையின் அறிக்கை சாதாரணமாக வந்திருந்தால் பயப்பட வேண்டாம். வலிப்பு வராத நேரத்தில் எடுத்தால் பலருக்கு அப்படித்தான் வரும். அதையும் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வீட்டில் குமர்ப்பிள்ளை இருந்தால் வலிப்பை அயலுக்கும் மறைக்கிறோம். கல்யாணப் பேச்சு குழம்பும் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் விதானையாருக்கே (கிராம அலுவலருக்கே) தெரியாத நோய்க்கு அவர் எப்படி உறுதி சொல்வார்? ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. கிராம அலுவலருக்கும் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் நேரடியாகச் சொல்லுங்கள். வலிப்பைக் கண்ட ஆசிரியர் அல்லது முதலாளி ஒருவரிடம் கடிதம் வாங்குங்கள்.

மேன்முறையீட்டைப் பிரதேச செயலகத்தில், அறிவித்தலில் சொன்ன திகதிக்குள் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் வலிப்பைக் கண்ணால் கண்டவர் கூடப் போகட்டும். முடிவில் பாரபட்சம் இருப்பதாகத் தெரிந்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாத எல்லை உண்டு. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த எல்லைக்குள் எண்ணப்படாது.