முதல் ஸ்கூபாவுக்குக் கிளம்பும் முன் காதைக் கவனியுங்கள்

நண்பர்களாகச் சேர்ந்து அந்தமான் போய், ஹேவ்லாக் தீவில் ஒரு நாள் ஸ்கூபா (முதுகில் கட்டிய சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்கடியில் நீந்துவது) செய்துவிட்டு ஊர் திரும்பும் கூட்டத்தில் ஒருவராவது காது மூக்கு தொண்டை மருத்துவரைத் தேடி வருவது இப்போது சகஜம். "காது அடைச்ச மாதிரியே இருக்கு டாக்டர், தண்ணி உள்ள போயிருக்கும்" என்பார்கள். காதுக்குள் பார்க்கும் கருவியான ஓட்டோஸ்கோப்பில் பார்த்தால் கடல் தண்ணீர் எதுவும் இருக்காது. முத்துச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய செவிப்பறை சிவந்து, உள்ளிழுக்கப்பட்டு, அதன் பின்னால் கசிந்த நீரோ ரத்தமோ தேங்கியிருக்கும். இது அழுத்தத்தால் வந்த காயம். பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது.

கடல் மட்டத்தில் நம்மேல் இருப்பது 1 வளிமண்டல அழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் அது 2 ஆகிவிடும், செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுக்காதில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். அடுத்த 10 மீட்டரில் பாதி என்பது மூன்றில் ஒரு பங்காகும், அவ்வளவுதான். ஆக, காதுக்குக் கடினமான பகுதி மேலே உள்ள சில மீட்டர்களே. முதல்முறை இறங்குபவர்களை 12 மீட்டருக்குக் கீழே அழைத்துப் போவதில்லை. "ரொம்ப ஆழம் போகலையே, அப்புறம் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நடுக்காதையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் வழியாகக் காற்றை அனுப்பி அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். மாஸ்க்கின் மென்மையான மூக்குப் பகுதியை விரல்களால் அழுத்தி மூக்கை அடைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்துவதுபோல் மெதுவாக ஊதினால் இரண்டு காதிலும் 'களுக்' என்று கேட்கும். சிலருக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கினாலே திறந்துவிடும். தண்ணீருக்கு மேலேயே ஒருமுறை செய்துவிட்டு, முதல் 5 மீட்டருக்கு அரை மீட்டருக்கு ஒருமுறை செய்யுங்கள். கால் கீழே, தலை மேலே இருக்கும்படி இறங்குவது நல்லது. தலைகீழாக இறங்கினால் குழாய் திறப்பது கடினம்.

வலி வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. சமன் செய்யாமலே ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டாலே அழுத்த வித்தியாசம் குழாயின் வாயை ஒட்டவைத்துவிடும். அதன் பிறகு முக்கி முக்கி ஊதினாலும் திறக்காது. அப்படி முக்குவது உள்காதின் மெல்லிய சவ்வைக் கிழித்து, கேட்கும் திறனையே பாதிக்கலாம். ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயல்வதே சரி. உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, பிறகு காதைக் காட்டினால் இன்ஸ்ட்ரக்டருக்குப் புரியும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டாதீர்கள். நீருக்கடியில் அதற்கு 'மேலே போவோம்' என்று அர்த்தம்.

நண்பர்களோடு போகும்போது ஒரு சிக்கல் கூடுதலாக வருகிறது. மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள், நம்மால் தாமதமாகக் கூடாது என்று வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். யாருக்குக் காது திறக்கவில்லையோ அவர் வேகம்தான் எல்லோருக்கும் என்று படகிலேயே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம். பணம் கட்டியாகிவிட்டதே என்று மூக்கடைப்புச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு இறங்குபவர்கள் உண்டு. மருந்தின் வேகம் கடலுக்கடியில் குறைந்துவிட்டால், மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியிருக்காது. இறங்கும்போது காது அடைத்தால் திரும்பிவிடலாம். ஏறும்போது அடைத்தால் சிலிண்டரில் காற்று தீர்வதற்குள் மேலே வந்தே ஆக வேண்டும், எவ்வளவு வலித்தாலும்.

டைவிங் மையத்தில் தரும் மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' போடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் குளிர்ந்த நீர் உள்ளே போய்க் கடுமையாகத் தலை சுற்றும். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் வாயில் இருக்கும்போதே வாந்தி வரும். காது அறுவை சிகிச்சை, ஆஸ்துமா, வலிப்பு, நுரையீரலில் காற்றுக் கசிவு, இதெல்லாம் இருந்தவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கர்ப்பிணிகள் இறங்கக் கூடாது. காது நன்றாக இருப்பவர்களுக்கும் ஒரு விதி: நீருக்குள் மூச்சை அடக்கவே கூடாது. மூச்சை அடக்கியபடி ஓரிரு மீட்டர் மேலே எழும்பினாலே நுரையீரல் கிழியலாம்.

மேலே வந்ததும் மாஸ்க்குக்குள் சில சொட்டு ரத்தம் தெரிந்தால் அது பெரும்பாலும் சைனஸிலிருந்து வந்திருக்கும். அன்று மறுபடி இறங்க வேண்டாம். காது அடைத்திருந்தால் எண்ணெய், சொட்டு மருந்து, பட்ஸ் எதுவும் உள்ளே போகக் கூடாது. செவிப்பறையில் விழும் சிறு கிழிசல் பொதுவாகச் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் தலை சுற்றலோ, இரைச்சலோ, கேட்பதில் குறைவோ இருந்தால் ஊர் திரும்பும்வரை பொறுக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு டைவ் மட்டும் செய்திருந்தால் விமானம் ஏற 12 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒன்றுக்கு மேல் செய்திருந்தால் 18 மணி நேரம். காதில் காயம் இருந்தால் இந்தக் கணக்கு போதாது. காதைப் பரிசோதித்த மருத்துவர் சரி என்ற பிறகே டிக்கெட் போடுங்கள்.