ஆஃப் செய்ததும் காமிரா எதை மறக்கிறது?

செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணாச்சி, புனலூர்ல ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள்ள வெளிச்சம் கம்மி. ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் எல்லாம் பாத்துப் பாத்து வெச்சிருந்தேன். பேட்டரியை மிச்சம் பிடிப்போம்னு கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணேன். தாலி கட்டுற நேரம் ஆன் பண்ணினா எல்லாம் பழையபடி நிக்குது. இது காமிராக் கோளாறா, என் கோளாறா?"

1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் செங்கோட்டை. மலையைத் தாண்டிக் கேரளப் பக்கம் போய்க் கல்யாணப் படம் எடுப்பது அங்கே புதிதல்ல. ஆனால் தாலி கட்டும் படத்தை இரண்டாம் முறை எடுக்க முடியாது என்பது மலைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். எந்த முறையில் படம் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் வட்டத் திருகு, அதாவது மோட் டயல், எங்கே இருந்தது என்று கேட்டேன். "சி2-ல" என்றார். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஆனாலும் அதற்கு முன்பு, ஒரு காமிரா எதையாவது எப்படி நினைவில் வைக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்தக் கேள்வியில் எனக்குப் பிடித்த இடமும் அதுதான்.

முதலில், காமிராவின் ஆஃப் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. உள்ளே இருக்கும் செயலிக்குக் "கடையைக் கட்டு" என்று தகவல் சொல்கிறது, அவ்வளவுதான். செயலி கார்டில் எழுதி முடிக்காத படங்களை எழுதும், சிறிய காமிராவாக இருந்தால் லென்ஸை உள்ளே இழுக்கும், செட்டிங்ஸைக் குறித்து வைக்கும், பிறகு தூங்கப் போகும். செட்டிங்ஸை ஏன் அந்த நேரத்தில் குறிக்க வேண்டும்? அதுவரை அவை ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கின்றன. ரேம் என்பது கோடிக்கணக்கான மிகச்சிறிய மின்தேக்கிகள். அவற்றில் ஏற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. இது பள்ளிப் பாடம்தான், மேலே போவோம்.

நிரந்தரமாகக் குறித்து வைக்கும் இடம் ஃப்ளாஷ் நினைவகம். அதன் அடிப்படை ஒரு விசேஷமான டிரான்சிஸ்டர். சாதாரண டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைத் திறந்து மூடுவதற்கு ஒரு கேட் இருக்கும். இதில் அந்தக் கேட்டுக்கும் கீழே இருக்கும் சிலிக்கானுக்கும் நடுவே இன்னொரு கேட் உண்டு. அதற்கு ஒரு கம்பியும் போவதில்லை. சுற்றிலும் மின்காப்புப் பொருள், கீழ்ப்பக்கம் சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் டை ஆக்சைடு. தலைமுடியின் தடிமன் இதைப்போல் பல ஆயிரம் மடங்கு. கண்ணாடியும் அடிப்படையில் இதே பொருள்தான், மின்சாரத்தைக் கடத்தாது. இந்த மிதக்கும் கேட்டில் எலக்ட்ரான்களை ஏற்றிவிட்டால், வெளியேற வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அவற்றின் எதிர் மின்னூட்டம் இருப்பதால் டிரான்சிஸ்டர் திறக்க அதிக வோல்ட் தேவைப்படும். எவ்வளவு வோல்ட்டில் திறக்கிறது என்று பார்த்தால், உள்ளே எலக்ட்ரான் இருக்கிறதா இல்லையா, அதாவது 0வா 1ஆ என்று தெரிந்துவிடும்.

சரி, வழியே இல்லாத அறைக்குள் எலக்ட்ரான் எப்படி நுழைந்தது?

புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே நிற்கும் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறித்தான் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் ரயில் போவதுபோலக் குடைந்து போக வேண்டும். எலக்ட்ரான் ஏறுவதும் இல்லை, குடைவதும் இல்லை. குவாண்டம் இயற்பியலில் அதை ஓர் அலையாகவும் கணக்கிட வேண்டும். தடுப்பைத் தொட்டதும் அலை சட்டென நின்றுவிடுவதில்லை. தடுப்புக்குள் போகப் போக வேகமாகத் தேய்கிறது. தடுப்பு போதுமான அளவு மெல்லியதாக இருந்தால், அந்தப் பக்கமும் துளி அலை மிச்சமிருக்கும். அந்தத் துளிக்கு அர்த்தம், எலக்ட்ரான் அந்தப் பக்கம் இருப்பதற்கும் ஒரு சிறு வாய்ப்பு உண்டு என்பது. இதுதான் குவாண்டம் ஊடுருவல். தடிமன் கொஞ்சம் கூடினாலும் அந்த வாய்ப்பு பல மடங்கு சரிந்துவிடும். 10 நானோமீட்டர் கடப்பதற்கு நடைமுறையில் வாய்ப்பே இல்லை, நினைவு அழியாமல் நிற்பதும் அதனால்தான்.

இனிதான் வேடிக்கை. இந்த ஆக்சைடின் இரு பக்கமும் 10 வோல்ட் வைத்தால் என்ன ஆகும்? ஒரு நானோமீட்டருக்கு 1 வோல்ட், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 1 கோடி வோல்ட். மலை அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது! தடுப்பின் உயரம் சுமார் 3 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் அலகு). ஒவ்வொரு நானோமீட்டருக்கும் 1 எலக்ட்ரான் வோல்ட் வீதம் சரிந்தால், 3 நானோமீட்டர் தாண்டியதும் மலை தரையோடு தரையாகிவிடும். மீதி 7 நானோமீட்டரும் எலக்ட்ரானுக்கு இறக்கம்தான். ஆக்சைடின் தடிமன் ஒரு துளியும் மாறவில்லை, எலக்ட்ரான் ஊடுருவ வேண்டிய தூரம் மட்டும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. வோல்ட்டை எடுத்த மறு நொடி மலை நிமிர்ந்துகொள்ளும், உள்ளே போனவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வோல்ட்டைத் திருப்பி வைத்தால் வந்த வழியே வெளியேறும், அதுதான் அழிப்பது. ஒரு கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எலக்ட்ரானுக்குப் பூட்டும் சாவியும் செய்திருக்கிறார்கள். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் ஃபௌலர், நோர்ட்ஹைம் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், 1928இல். கல்கத்தாவில் ராமன் தன் விளைவைக் கண்டதும் அதே ஆண்டுதான். வலுவான மின்புலத்தில் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் ஏன் பிய்த்துக்கொண்டு வருகிறது என்பதே அவர்கள் கேள்வி. நினைவகம் என்று ஒன்று வரப்போவதே அன்றைக்குத் தெரியாது. 1967இல் பெல் ஆய்வகத்தின் டாவான் காங், சைமன் சே இருவரும் மிதக்கும் கேட்டை முன்வைத்தார்கள். ஜப்பானில் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா ஃப்ளாஷ் நினைவகத்தை 1984இல் அறிவித்தார். உலகமே பயன்படுத்தும் பொருளைக் கண்டுபிடித்தவர், உரிய பங்கு கேட்டுத் தன் பழைய நிறுவனத்தின் மீதே வழக்குப் போட வேண்டிவந்தது. 2006இல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசமானது. நம் நாட்டில் செமிகண்டக்டருக்கு 76,000 கோடி ரூபாய் என்று 2021இல் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் ஆலைக்குத் தரும் பணத்தில் ஒரு சிறு பங்காவது, எதற்கு உதவும் என்று இன்னும் தெரியாத கணக்கைப் போடுகிறவருக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. "இதனால் என்ன பயன்?" என்று விண்ணப்பப் படிவம் 1928இல் கேட்டிருந்தால் ஃபௌலர் என்ன எழுதியிருப்பார்?

காமிராவுக்கு வருவோம். ஒவ்வொரு முறை எலக்ட்ரான் ஊடுருவும்போதும் அந்த மெல்லிய ஆக்சைடு கொஞ்சம் பழுதாகிறது. செட்டிங்ஸ் வைக்கும் வகைச் சில்லுகள் பொதுவாக ஒரே இடத்தில் சுமார் 1 லட்சம் தடவை எழுதி அழிப்பதைத் தாங்கும். அது பெரிய எண்ணாகத் தெரியலாம். கல்யாண சீசனில் டயலை ஒரு நாளைக்கு 2,000 தடவை திருப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு திருப்பலையும் ஒரே இடத்தில் எழுதினால் 50 நாளில் சில்லு முடிந்தது. அதோடு, ஃப்ளாஷில் ஓர் எழுத்தை மட்டும் அழிக்க முடியாது, ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க வேண்டும், அதற்கு நேரமும் பிடிக்கும். அதனால்தான் மாற்றங்களையெல்லாம் ரேமில் வைத்திருந்து, ஆஃப் செய்யும்போது எழுதும் வழக்கம் வந்தது. எழுதும்போதும் பழையதன்மீது எழுதாமல் அடுத்த காலி இடத்தில் புதிதாக எழுதி, முடிவில் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் போட்டு வைப்பார்கள். ஆன் செய்ததும் அந்த எண் பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தினால் சரி, இல்லாவிட்டால் எதையும் நம்பாமல் தொழிற்சாலை செட்டிங்ஸையே எடுத்துக்கொள்ளும்.

திடீரென்று ஒருநாள் காமிரா மொழி, தேதி எல்லாம் கேட்டுக்கொண்டு புதுசு மாதிரி நின்றால், இப்படி ஏதாவது நடந்திருக்கலாம். சுவிட்சைத் தொடாமல் பேட்டரியை உருவியிருப்பீர்கள். பேட்டரி மூடி சரியாக மூடாமல் இருந்திருக்கும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் முனைகளில் ஈரம் ஏறிப் பூத்துப்போயிருந்தால், ஷட்டர் மோட்டார் மின்சாரத்தை இழுக்கும் அந்த நொடியில் வோல்ட் சரிந்து செயலி விழுந்து எழும். காமிராவுக்குக் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றுகிறவர்களையும், நேராக "போர்டு போச்சு" என்று விலை சொல்லும் கடைக்காரரையும் பார்த்திருக்கிறேன். எலுமிச்சம்பழமாவது மலிவு. இரண்டுக்கும் முன்னால், பேட்டரி முனைகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள்.

தேதி மட்டும் போவது வேறு கதை. கடிகாரத்துக்கென்று உள்ளே தனியாக ஒரு குட்டி பேட்டரி உண்டு. பெரும்பாலும் அது பெரிய பேட்டரியிலிருந்து சார்ஜ் ஆகிக்கொள்ளும். 2 நாள் சார்ஜ் ஆனால் சுமார் 3 மாதம் தாங்கும் என்று சில கையேடுகளில் இருக்கும். பல வருஷம் ஆன காமிராவில் அது தளர்ந்திருக்கும். ஆயுத பூஜைக்குப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்தால் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி 1 காட்டும். இரண்டு பேர் இரண்டு காமிராவில் எடுத்த படங்களை ஆல்பத்துக்கு நேர வரிசைப்படி அடுக்கும்போதுதான் இதன் வலி தெரியும். பூஜையோடு எனக்குச் சண்டையில்லை. பேட்டரி உள்ளேயே இருக்கட்டும், சந்தனம் மட்டும் லென்ஸ் மவுண்ட் பக்கம் போக வேண்டாம். கொஞ்சம் பழைய மாடல்கள் சிலவற்றில் சிஆர்2016 போன்ற பொத்தான் பேட்டரி இருக்கும், நாமே மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது அந்த சி2. நம் நண்பரின் காமிரா எதையும் மறக்கவில்லை. மறக்கச் சொல்லி எழுதிவைத்திருக்கிறார்கள், அது கீழ்ப்படிந்தது. சி1, சி2 என்றோ யூ1, யூ2 என்றோ டயலில் இருக்கும் இடங்கள், நாம் ஏற்கெனவே பதிந்து வைத்த தொகுப்பை அப்படியே திருப்பித் தருவதற்கானவை. நடுவில் செய்த மாற்றம் தற்காலிகமானது, ஆஃப் செய்தால் பதிந்ததற்கே திரும்பும். இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. செல்ஃப் டைமர் பல காமிராக்களில் ஆஃப் செய்ததும் தானாக விலகிவிடுவதையும் நான் ஆதரிக்கிறேன், யாரோ வைத்துவிட்டுப் போன 10 வினாடிக்காக அடுத்த ஆள் ஏன் திண்டாட வேண்டும்?

என் கோபம் ஆட்டோ பவர் ஆஃப் மீது. சில மாடல்களில் காமிரா தானாகத் தூங்கினாலும் அதே கணக்குதான். கழுதுருட்டி 13 கண் பாலத்தில் ரயிலுக்காகக் காத்திருக்கிறீர்கள். மேகத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷரைத் திருத்தி வைத்திருக்கிறீர்கள். ரயில் தாமதம், காமிரா தூங்குகிறது. சத்தம் கேட்டு ஷட்டர் பொத்தானை அழுத்தினால் திருத்தமெல்லாம் காணோம். நான் ஆஃப் செய்யவே இல்லையே! அதை ஆஃப் என்று முடிவுசெய்தவர் மழையில் நின்று படம் எடுத்திருக்க மாட்டார்.

இதற்கு மெனுவிலேயே வழி உண்டு. சி மோட் உள்ள பல காமிராக்களில் மாற்றங்களைத் தானாகப் பதிந்துகொள்ளும் ஆட்டோ அப்டேட் என்ற வசதி இருக்கும், அதை ஆன் செய்துவிட்டால் ஆஃப் செய்தாலும் மாற்றம் நிற்கும். ஆனால் ஆசையாகப் பதிந்து வைத்த பழைய தொகுப்பு கரைந்துபோகும், அது பரவாயில்லை என்றால் மட்டும். இல்லாவிட்டால் மண்டபத்தில், எக்ஸ்போஷரை நாமே வைக்கும் எம் (மேனுவல்) மோடில் எடுங்கள், அதில் வைத்தது ஆஃப் செய்தாலும் அப்படியே இருக்கும். செட்டிங்ஸ் முழுவதையும் கார்டில் கோப்பாகச் சேமிக்கும் வசதியும் பல மாடல்களில் உண்டு. காமிராவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் போடுவதற்கு முன் அதைச் செய்துவிட்டு, கோப்பைக் கணினியிலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கார்டை ஃபார்மட் செய்தால் அந்தக் கோப்பும் சேர்ந்து போய்விடும்.