எஞ்சின் இருக்கட்டும், முதலில் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்

டெட்ராய்ட் பக்கம் ஒரு கடையில் பழைய அமெரிக்க மசில் கார்களை, அதாவது பெரிய எஞ்சின் போட்ட வேகக் கார்களை, ரிஸ்டோர் செய்வது என் தொழில். காரை வாங்கிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம், வாங்கும் முன் கேட்கிறவர்கள் குறைவு. அந்தக் குறைவானவர்களைக் கொஞ்சம் கூட்டலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் நண்பர் ஒருவர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தது 1969 ஷெவர்லே ஷெவெல், எஸ்எஸ் 396 (எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட், 396 என்பது கன அங்குலத்தில் எஞ்சின் அளவு). சிவப்பு பெயின்ட், கறுப்புப் பட்டை, குரோம் எல்லாம் கண்ணைப் பறிக்கிறது. இறக்குவதற்குள் எஞ்சின் பேச்சை ஆரம்பித்துவிட்டார், கார்புரேட்டரை மாற்றலாமா, கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பெரிதாகப் போடலாமா என்று. எல்லோருமே அப்படித்தான், எஞ்சினில்தானே சுவாரசியம். நான் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். கீழே புதிதாகத் தார் போல ஏதோ கெட்டியாகப் பூசியிருந்தது, ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தியதும் அது மறுபக்கம் போய்விட்டது.

இந்தக் கார்களில் துரு எங்கே வரும் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள குரோம் பட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியில் தண்ணீர் தேங்கும், அந்தப் பள்ளம் அரித்து ஓட்டையாகும், அங்கிருந்து ஒவ்வொரு மழைக்கும் சொட்டுச் சொட்டாக டிக்கிக்குள் இறங்கும். கூரையில் வினைல் ஒட்டிய கார் என்றால் இன்னும் மோசம், துரு வினைலுக்கு அடியில் உட்கார்ந்து பல வருடம் சத்தமில்லாமல் வேலை பார்க்கும். முதல் தலைமுறை மஸ்டாங்கில் வேறு இடம்: முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் கவுல் பெட்டி. அதன் மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கார்பெட் நனைந்தால் விலையைப் பற்றி மறுபடி பேசலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். மிச்சிகன், ஒஹையோ கார்களுக்கு இதற்கு மேல் குளிர்காலச் சாலை உப்பு வேறு.

அப்புறம் காந்தம். ஃபிரிட்ஜில் ஒட்டும் சாதாரணக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பின்சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடிப்பகுதி, முன் ஃபெண்டரின் கீழ்முனை என்று தடவிக்கொண்டே போங்கள். பிடிக்காமல் நழுவும் இடத்தில் தகரம் இல்லை, இருந்தாலும் ஆழத்தில் இருக்கிறது. ஊரில் டிங்கரிங் கடையில் பட்டி பார்ப்பது என்போமே, இங்கே அதற்குப் பெயர் பாண்டோ. மெல்லியதாகப் போட்டால் குற்றமில்லை, நானும் போடுகிறவன்தான். ஓட்டைக்கு மேல் கம்பிவலையை வைத்து விரல் தடிமனுக்கு அப்புவதைத்தான் சொல்கிறேன்.

துருவையாவது வெட்டி ஒட்டிவிடலாம், நண்பர் காரில் பெரிய அடி காகிதத்தில் இருந்தது. 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 தனி மாடல், வின் எண்ணே (ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண்) 138 என்று தொடங்கும். 1969-இல் அது இசட்25 என்ற ஆப்ஷனாக மாறிவிட்டது. இவர் காரின் எண் 136379 என்று தொடங்கியது: வி8 போட்ட மாலிபு (ஷெவெலில் ஒரு ரகம்), இரண்டு கதவு ஹார்டுடாப், 1969. அவ்வளவுதான். அந்த வி8 307-ஆ 396-ஆ என்பதை அந்த எண் சொல்லாது. போலிகள் புகுந்து விளையாடும் இடம் இதுதான், பேட்ஜும் கிரில்லும் கடையில் கிடைக்கின்றன.

அப்போது என்ன பார்ப்பது? எஸ்எஸ் 396-க்கு வந்த பின் ஆக்சிலின் மூடியில் 12 போல்ட் இருக்கும், இதில் 10. எஞ்சின் பிளாக்கில் வார்ப்புத் தேதி இருக்கும், மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி இலக்கம். இதில் எஃப் 11 9, அதாவது 1969 ஜூன் 11. பாடி தகட்டில் கார் செய்த தேதி 02பி, பிப்ரவரி இரண்டாம் வாரம். கார் பிறந்து நாலு மாதம் கழித்து வார்த்த எஞ்சின் அதோடு எப்படி வந்திருக்கும்? வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் வின் எண்ணின் பின்பகுதியைக் குத்தியிருக்க வேண்டிய இடமும் மழமழவென்று இருந்தது. இதில் மட்டும் உடனே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள், பிளாக்கின் மேல்பரப்பைச் சமன் செய்ய மெஷின் கடையில் சீவும்போது நல்ல எஞ்சினிலும் அந்த எண் போய்விடும். உங்கள் எஞ்சினைச் சீவக் கொடுக்கும் முன் அந்த இடத்தைப் போட்டோ எடுங்கள், அதைத் தொடாதே என்று எழுதியும் கொடுங்கள்.

போன்டியாக் வாங்குகிறவர்களுக்கு பிஎச்எஸ் ஆவணம் உண்டு, 1967 முதல் வந்த ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் உண்டு, இரண்டுமே கார் ஆலையிலிருந்து எப்படி வந்தது என்று பழைய பதிவுகளைப் பார்த்துச் சொல்பவை, பணம் கொடுப்பதற்கு முன்பே வரவழைத்துவிடுங்கள். அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்களுக்கு அப்படி ஒன்று இல்லாததால்தான் இவ்வளவு துப்பறிதல்.

விஷயம் தெரிந்ததும் நண்பர் கூலியை மிச்சப்படுத்த, சில வேலைகளை வீட்டு கராஜிலேயே செய்கிறேன் என்றார். தாராளமாகச் செய்யுங்கள் என்றேன், ஆனால் அவர் மேஜையில் வெல்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பிரேக் கிளீனர் டப்பாவைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. குளோரின் கலந்த ரகம், டெட்ராகுளோரோஎத்திலீன் என்று டப்பாவிலேயே இருக்கும். அதால் துடைத்த தகரம் காயும் முன் வெல்டிங் தீப்பொறி பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும், முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. கொஞ்சம் மூக்கில் ஏறினாலே போதும். மூச்சுத்திணறல் உடனே வராமல் சில மணி நேரம் கழித்தும் வரும், அதற்குள் ஆள் சரியாகிவிட்டோம் என்று தூங்கப் போயிருப்பார். வெல்டிங் செய்யும் இடத்தில் அந்த டப்பாவே கூடாது.

பெயின்டும் அப்படித்தான். இரண்டு பாகமாகக் கலக்கும் இன்றைய கிளியர் கோட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அளவு மீறினாலும் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு மிகச் சிறிய அளவுக்கே ஆஸ்துமா வரும். வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் நான் பெயின்ட் துப்பாக்கியைத் தொடுவதில்லை. கூரையும் பின்பக்கத் தகரமும் சேரும் இணைப்பில் ஆலையிலேயே ஈயம் நிரப்பியிருப்பார்கள், அதை மெஷினால் தேய்த்துப் பொடியாக்காதீர்கள். பழைய பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்.

எஞ்சினைப் பற்றி ஒன்றே ஒன்று, என் சொந்த முட்டாள்தனம் என்பதால். ஃபிளாட் டாப்பெட் கேம் (உருளை இல்லாமல் தட்டையான டாப்பெட் மேல் உரசும் பழைய வகை) போட்ட எஞ்சினில் இன்றைய சாதாரண ஆயிலை ஊற்றி ஐடிலில் ஓடவிட்டேன். அந்தக் கேமுக்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில் வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் 2000 ஆர்பிஎம் அளவில் 20 நிமிடம் ஓட வேண்டும். கேமில் வால்வைத் தள்ளும் மேடுகளில் (லோப்) இரண்டு வழுவழுவென்று தேய்ந்துபோய், இரும்புப் பொடி எஞ்சின் முழுக்கப் பரவியது.

ஷெவெலின் பெட்ரோல் டேங்கை இறக்கியபோது அதன் மேல் ஆலை ஒட்டிய பில்ட் ஷீட் (காரில் என்னென்ன போட வேண்டும் என்ற தாள்) பாதி மக்கிய நிலையில் கிடைத்தது. 307 எஞ்சின், வெளிர் பச்சை. நண்பர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பச்சையே அடியுங்கள், 396 இருக்கட்டும், எஸ்எஸ் எழுத்து மட்டும் வேண்டாம் என்றார். பேட்ஜ் குத்திய ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்தோம். எஸ்எஸ் என்பதற்காக அவர் கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை, விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை.