ஒட்டி மாட்டினாலும் ஒன்றாக ஓடாத கடிகாரங்கள்

கல்லூரியில் படிக்கும் ஒரு வாசகி, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு படைப்பின் படத்தை அனுப்பியிருந்தார். கூடவே இரண்டு கேள்விகள். "கடையில் வாங்கிய இரண்டு சுவர்க் கடிகாரங்களை ஒட்டி மாட்டியிருக்கிறார்கள், இதெல்லாம் எப்படிக் கலை? அதை விடுங்கள், இரண்டும் ஒரே மாதிரிக் கடிகாரம்தானே, அப்புறம் ஏன் நேரம் பிசகுகிறது?" முதல் கேள்விக்குச் சுருக்கமாகவும் இரண்டாவதற்கு ஆசை தீரவும் சொல்கிறேன்.

கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991இல் செய்தது இது. பெயரை 'குறையில்லாக் காதலர்கள்' என்று தமிழாக்கலாம். இரண்டு கடிகாரங்களின் விளிம்பும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடங்கும்போது இரண்டிலும் ஒரே நேரம். போகப்போகப் பிசகினால் பிசகட்டும். ஒன்று நின்றுவிட்டால் பேட்டரி மாற்றி, மறுபடி சேர்த்து ஓட விடலாம். அவருடைய துணைவர் ராஸ் லேகாக் அதே 1991இல் எய்ட்ஸால் இறந்தார். 1996இல் அதே நோய் கலைஞரையும் கொண்டுபோனது. அப்போது அவருக்கு வயது 38.

இரண்டு பலகைகளைக் கீல் போட்டு இணைத்த படத்தை டிப்டிக் என்பார்கள். ஐரோப்பியத் தேவாலயங்களில் பழகிய வடிவம் அது. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1962இல் நடிகை மர்லின் மன்றோவின் முகத்தை 50 முறை அச்சிட்டு, இடப்பக்கம் வண்ணத்திலும் வலப்பக்கம் மங்கிக்கொண்டே போகும் கறுப்பு வெள்ளையிலும் வைத்து இதைப் புதுப்பித்தார். ஒரு படம் மாட்டியிருந்தால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இரண்டு மாட்டியிருந்தால் கண் சும்மா இருக்காது, வார இதழின் 'ஆறு வித்தியாசங்கள்' போல ஒப்பிடத் தொடங்கிவிடும். கொன்சாலஸ்-டோரஸ் கொஞ்சம் குறும்புக்காரர். தொடங்கும்போது வித்தியாசமே வைக்காமல், அதை உண்டாக்கும் வேலையை இயற்பியலிடம் விட்டுவிட்டார்.

சரி, கடிகாரத்தைப் பிரிப்போம். பின்புறத்துக் கறுப்புப் பெட்டிக்குள் ஒரு சின்ன சர்க்யூட் பலகை. அதில் அரிசியைவிடச் சற்றே பெரிய ஓர் உலோக உருளை ஒட்டியிருக்கும். அதன் உள்ளே காற்று நீக்கிய இடத்தில் இருப்பது பள்ளிக்கூட ஆய்வகத்தில் தட்டிப் பார்த்த அதே இசைக்கவைதான். இது குவார்ட்ஸ் படிகத்தில் வெட்டியது. குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் வரும், மின்சாரம் கொடுத்தால் வளையும். பேட்டரி அதை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த எண்? 2ஐ 15 முறை பெருக்கினால் இதுதான் வரும். ஆக, சர்க்யூட் இதை 15 முறை பாதியாக்கினால் போதும், விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். ஒரு குட்டி மோட்டார் அந்தத் துடிப்பை வாங்கி முள்ளைத் தள்ளும்.

பிசகு பிறப்பது இந்தக் கவையில். தொழிற்சாலையில் அதன் நுனியில் இருக்கும் உலோகப் பூச்சை லேசரால் சுரண்டிச் சுரண்டித்தான் சுதி சேர்க்கிறார்கள். அப்படியும் பத்து லட்சத்தில் 20 அளவுக்கு முன்பின் இருப்பது சகஜம். அதாவது 32,768க்குப் பதில் 32,768.66. கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும், ஆனால் ஒரு நாளுக்கு 1.7 விநாடி ஓடிவிடும். வெப்பமும் தன் பங்குக்கு விளையாடும். 25 டிகிரியை ஒட்டி இந்தக் கவை முழு வேகத்தில் அதிரும். சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும்.

ஆனால் தொட்டுக்கொண்டிருக்கும் கடிகாரங்கள் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள முடியாதா? முடியும் என்று 1665இலேயே தெரியும். நோயில் படுத்திருந்த டச்சு அறிஞர் கிறிஸ்டியன் ஹைகன்ஸ், ஒரே சட்டத்தில் தொங்கிய தன் இரண்டு ஊசல் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஊசல் இடப்பக்கம் போனால் மற்றது வலப்பக்கம். கலைத்துவிட்டாலும் அரை மணிக்குள் பழையபடி அதே ஒழுங்குக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு ஊசலும் சட்டத்தை மிக லேசாக இழுக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் போனால் சட்டம் ஆடும், ஆற்றல் வீணாகும். எதிரெதிராகப் போனால் இழுப்பும் இழுப்பும் கழிந்து சட்டம் அசையாது. எனவே அந்த நிலையிலேயே நிலைத்துவிடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். குவார்ட்ஸ் கவையின் இரண்டு புயங்களும் இதே கணக்கில்தான் ஆடுகின்றன. ஒன்று வெளியே விரிந்தால் மற்றதும் எதிர்ப்பக்கம் வெளியே விரியும். இரண்டும் சேர்ந்தே உள்ளே வரும். அடியில், இரண்டும் பிரியும் கவட்டில், தள்ளலும் தள்ளலும் கழிந்து கிட்டத்தட்ட அசைவே இருக்காது. கவையின் அதிர்வு வெளியே கசியாமல் இருப்பதும், ஒரு சின்ன பேட்டரி ஒரு வருடம் தாங்குவதும் இதனால்தான். பக்கத்துக் கடிகாரத்துக்குச் சேதியே போகாததும் இதனால்தான். குறையில்லாக் காதலர்கள் சுவரில் இல்லை, ஒவ்வொரு உருளைக்குள்ளும் ஒரு ஜோடியாக அடைபட்டிருக்கிறார்கள். அவர்களுக்குள் அவ்வளவு ஒற்றுமை, வெளியே யார் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்றே தெரியாது.

ஓடாத கடிகாரம் வீட்டுக்கு ஆகாது என்று என் அம்மா இன்றும் சொல்வார். ஒட்டி நிற்கும் கடிகாரத்தையே அறியாத ஒன்று, வீட்டுக்காரனின் தலையெழுத்தை எங்கிருந்து அறியும்? நின்ற கடிகாரத்தால் பஸ்ஸைத் தவறவிடலாம், அந்த அளவுக்கு மட்டும் அம்மா பக்கம் நியாயம்.

வாசகிக்காக நானும் ஒரே மாடலில் இரண்டு வாங்கி, ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் ஒட்டி மாட்டினேன். முதலில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே 'டிக்'. மதியத்துக்குள் அது இரட்டித்து 'டிடிக்' ஆனது. மாலையில் நொண்டி நடப்பது போல ஒரு சத்தம், வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். திங்கள் இரவு பதினொரு மணி வாக்கில் சத்தம் மறுபடி ஒன்றாகிவிட்டது. பிசகு சரியாகிவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். இரண்டு விநாடி முட்களும் ஒன்றாகத்தான் எட்டு வைத்தன, ஆனால் வலப்பக்கத்து முள் சரியாக ஒரு கோடு முன்னால் இருந்தது.